வழிநினைவு: ‘மௌஸ்’ படக்கதையின் மாந்தரும் சயாமுக்குப் போனவர்களின் மக்களும்

இவ்வுரைக்கு எடுத்துக்கொண்ட நூல் ஒரு படக்கதை. இலக்கணமும் கல்வெட்டும் பேசப்படும் மேடையில் எலியும் பூனையும் உலவும் சித்திரக்கதைக்கு என்ன வேலை என்று அவையோரில் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் ‘மௌஸ்’ என்னும் அந்நூல் பொழுதுபோக்கிற்காக வரையப்பட்டதன்று. அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மன், போலந்து நாட்டு யூதராகிய தம் தந்தை விளாடெக், நாட்சிகளின் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பிய வரலாற்றை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, ஒலிநாடாவில் பதிந்து, பின்னர்க் கட்டங்கட்டமாக வரைந்தார். 1980 முதல் இதழில் தொடராக வெளிவந்த இக்கதை 1986இலும் 1991இலும் இரு பாகங்களாக நூலுருப் பெற்றது. 1992இல் புலிட்சர் சிறப்பு விருதும் பெற்றது. இதில் யூதர் எலிகள், செருமானியர் பூனைகள், போலந்தியர் பன்றிகள், அமெரிக்கர் நாய்கள். இந்த விலங்கு முகங்களைப் பற்றியே எழுதியோர் பலர். நான் அதில் நெடுநேரம் நிற்கப் போவதில்லை. முகமூடிக்குப் பின்னுள்ள மனிதர்களே நமக்கு வேண்டியவர்கள்.

நூலில் இரண்டு காலங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, 1930களின் நடுப்பகுதி முதல் 1945 வரையிலான போலந்து. மற்றொன்று, 1970களின் இறுதியில் நியூயார்க் நகரின் ரீகோ பார்க் பகுதியில், முதிய தந்தையும் முப்பது வயதைத் தாண்டிய மகனும் சச்சரவிட்டுக்கொண்டே உரையாடும் வீடு. முதற்காலத்தில் மகன் இல்லை. அவன் பிறந்ததே 1948இல், போர் முடிந்த பின், ஸ்டாக்ஹோம் நகரில். தான் காணாத ஒன்று தன் வீட்டின் ஒவ்வோர் அறையிலும் குடியிருப்பதை உணர்ந்தவனின் கதை இது. ஆகவேதான் தங்கா பத்து வட்டாரத் தமிழர் இந்நூலைப் படிக்க வேண்டும் என்கிறேன். இங்கும் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு.

மலாக்கா மாநிலத்தில் இன்று இரயிலேற விரும்புவோர் தம்பினை ஒட்டிய புலாவ் செபாங் நிலையத்திற்குத்தான் செல்ல வேண்டும். ஒரு காலத்தில் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கே கிளைப்பாதை ஒன்று வந்தது. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்–பர்மா இரயில்பாதைக்காகக் கொண்டுசெல்லப்பட்டன; அப்பாதை மீண்டும் போடப்படவே இல்லை. நம் மாநிலத்திலிருந்து சயாமுக்குப் போனவை தண்டவாளங்கள் மட்டுமல்ல. ஆனால் தண்டவாளம் போனதை வரைபடத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். மனிதர் போனதற்கு அத்தகைய வரைபடம் இல்லை.

அறிந்த செய்திகளைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். சப்பானியப் படை 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த படைகளுக்குத் தரைவழியே பண்டங்கள் அனுப்புவதற்காக, தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1942இல் தொடங்கப்பட்டு 1943 அக்டோபர் 17இல் இணைக்கப்பட்டது. மலைப்பாறையும் மூங்கிற்காடும் நிறைந்த அவ்வழியில், இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை மண்வெட்டியும் கூடையும் செய்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் 1,80,000 முதல் 2,50,000 வரை எனவும், மாண்டோர் ஏறத்தாழ 90,000 எனவும் வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் கித்தாத் தோட்டத் தமிழர். அவர்களுள் இறந்தோர் தொகை ஏறத்தாழ 30,000 என்பாரும் உளர், 40,000க்கு மேல் என்பாரும் உளர். பத்தாயிரம் உயிர் இப்பக்கமோ அப்பக்கமோ போகும்படியாக ஒரு கணக்கு இருக்கிறதென்றால், எண்ணியவர் எவருமில்லை என்பதே அதன் பொருள்.

ஏன் தோட்டத் தமிழர்? கப்பல் நின்றது, இரப்பருக்குச் சந்தை இல்லை, துரைமார் ஓடிவிட்டனர் அல்லது சிறைப்பட்டனர். வேலையும் அரிசியும் இன்றி இலயங்களில் மரவள்ளிக்கிழங்கை நம்பி இருந்தோர், சப்பானியர் கண்ணுக்குக் கையிருப்புத் தொழிலாளராகத் தெரிந்தனர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, உணவு இலவசம் என முதலில் ஆசை காட்டப்பட்டது. போனவர் திரும்பாதது கண்டு ஆள் சேராதபோது, வீட்டுக்கு ஓர் ஆள் எனக் கேட்கப்பட்டது. இலவசப் படக்காட்சி எனக் கூட்டிக் கதவடைத்துப் பிடித்துச் சென்றதும் பதிவாகியுள்ளது. 1943இன் நடுவில், மழைக்காலத்தில், பாதையை விரைந்து முடிக்கும் வெறி உச்சத்திலிருந்தபோது மலாயாத் தொழிலாளர் முகாம்களில் வாந்திபேதி பரவியது. போர்க்கைதிகளுக்கேனும் தம்முடன் சிறைப்பட்ட மருத்துவர் இருந்தனர். நீரைக் கொதிக்கவைத்துக் குடி எனக் கட்டளையிடும் அதிகாரிகள் இருந்தனர். நம்மவர்க்கு அவ்விரண்டும் இல்லை. நோய்க்கிருமி ஒன்றே, ஒழுங்கமைப்பு இல்லாத இடத்தில் அது பன்மடங்கு கொன்றது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய யூதரைக் கொல்வதே நாட்சிகளின் நோக்கம்; கொல்வதற்கென்றே கூடங்கள் கட்டினர். சயாமில் நோக்கம் பாதை. மனித உயிர் அதற்குச் செலவழிக்கும் பண்டம். இவ்விரண்டையும் ஒன்றெனச் சொல்வது இரு தரப்பு இறந்தோர்க்கும் செய்யும் அநீதி. நான் ஒப்பிடுவது கொலையை அன்று. அதற்குப் பின் வந்த மௌனத்தையும், அம்மௌனத்திற்குள் பிறந்த பிள்ளைகளையுமே.

‘மௌஸ்’ நூலை ஆராய்ந்த மரியான் ஹிர்ஷ் என்னும் அறிஞர் 1990களின் தொடக்கத்தில் ஒரு கலைச்சொல்லை உருவாக்கினார். தாம் வாழ்ந்திராத காலத்தின் கொடுமையைப் பெற்றோரின் கதை, படம், நடத்தை ஆகியவற்றின் வழியாகத் தம் சொந்த நினைவுபோலவே பிள்ளைகள் சுமப்பதை அச்சொல் குறிக்கும். தமிழில் இதனைப் ‘பின்னினைவு’ எனச் சிலர் பெயர்ப்பர். எனக்கு அது நிறைவளிக்கவில்லை. ஒன்று நடந்த பிறகு அதனை நினைத்துப்பார்ப்பது என்றே பொருள்படுகிறது. வழித்தோன்றல், வழிமுறை என்பவற்றில் ‘வழி’ மரபைக் குறிப்பதுபோல், ‘வழிநினைவு’ என்றால் குடும்ப வழியே வந்த நினைவு என்பது தெளிவாகும். இவ்வுரையில் அச்சொல்லையே கையாள்கிறேன்.

இனி மாந்தர். முதலில் விளாடெக். இளமையில் அழகர், துணிவணிகர், எதையும் சமாளிக்கும் திறமையாளர். முகாமில் தகரவேலை தெரியும் என்று சொல்லிப் பிழைத்தவர். செருப்புத் தைத்துப் பிழைத்தவர். மொழியியலாளர் கவனத்தை ஈர்க்கும் செய்தி ஒன்றும் உண்டு: போலந்தியக் காவலாள் ஒருவனுக்கு ஆங்கிலம் கற்பித்ததன் பயனாக அவருக்குச் சோறும் நல்ல உடையும் கிடைத்தன. உயிர்தப்பிய பின், நியூயார்க்கில் அதே மனிதர் தெருவில் கிடக்கும் கம்பித்துண்டைப் பொறுக்கிச் சேர்க்கிறார், தீக்குச்சியை எண்ணுகிறார், பாதி தீர்ந்த தானியப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு பொருள் வாங்கிவருகிறார், மகனின் மேலங்கி நைந்துவிட்டதென அவனைக் கேளாமலே குப்பையில் எறிகிறார். உடன்வாழ்தற்கு அரியவர். நூலாசிரியர் இவற்றில் எதையும் மறைக்கவில்லை. தந்தை கருப்பினத்தவரை இழித்துப் பேசும் காட்சியும் உண்டு. இனவெறியால் குடும்பத்தையே இழந்தவர் அப்படிப் பேசலாமா என்று மருமகள் வெகுண்டெழுகிறாள். அவர்க்கோ அவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றவேயில்லை.

நூலின் தொடக்கமே இத்தந்தையின் தன்மையைக் காட்டிவிடுகிறது. பத்து வயது மகன் விளையாட்டில் உருளைக்காலணி கழன்று விழ, தோழர்கள் அவனை விட்டுவிட்டு ஓடிவிட, அழுதுகொண்டே வருகிறான். மரம் அறுத்துக்கொண்டிருந்த தந்தை கைவேலையை நிறுத்துகிறார். உணவில்லாமல் ஒரு வாரம் ஓரறையில் பூட்டிவைத்தால் தோழர் யார் என்பது விளங்கும் என்னும் கருத்துப்படப் பேசுகிறார். ஆறுதல் தேடி வந்த சிறுவன் கையில் ஆஷ்விட்ஸைக் கொடுத்தனுப்புகிறார். வேண்டுமென்று அன்று, அவரிடம் கொடுக்க இருந்தது அதுதான்.

சயாமிலிருந்து திரும்பியவரைத் தந்தையாகவோ பாட்டனாகவோ கொண்டிருந்தோர் இக்காட்சியைப் படித்தால் மேலே விளக்கம் வேண்டார். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் மிதமிஞ்சிச் சினப்பவர், அரிசி மூட்டை தீரும் முன்பே அடுத்ததை வாங்கி அடுக்குபவர், மரவள்ளிக்கிழங்கை வீட்டுக்குள் விடாதவர், பொட்டலம் கட்டி வந்த நூலைச் சுருட்டி வைப்பவர் என்று தோட்டங்களில் பல சாயல்கள். இவை வெறும் பழக்கங்கள் அல்ல. சொல்லப்படாத கதையின் இலக்கணம் எனலாம். பிள்ளைகள் அந்த இலக்கணத்தைக் கற்றுக்கொண்டனர். கதையை மட்டும் அறியவில்லை.

ஆயினும் இங்கேதான் நூலாசிரியர் ஒரு தடையை வைக்கிறார். அவ்விடத்தை நாம் விரைந்து கடந்துவிடக்கூடாது. விளாடெக்கின் இரண்டாம் மனைவி மாலா. அவளும் முகாமிலிருந்து மீண்டவள். அவள் கஞ்சத்தனம் உடையவள் அல்லள். அக்கம்பக்கத்தில் முகாம் கண்டோர் பலர் இருந்தும் இவரைப்போல் எவருமில்லை என அவளே சொல்கிறாள். மகனின் மனநல மருத்துவர் பாவெல். அவரும் முகாம் கண்டவர், கனிந்த உள்ளத்தினர். அப்படியாயின் விளாடெக்கின் கஞ்சத்தனத்திற்குக் காரணம் ஆஷ்விட்ஸா, விளாடெக்கா? நூல் விடை சொல்வதில்லை. மாலாவின் இருப்பே அவ்வினாவைத் திறந்துவைக்கிறது. பல ஆய்வாளர் மாலாவைத் துணைப்பாத்திரம் என ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். எனக்கு அவள் நூலின் தராசுமுள்ளாகவே தோன்றுகிறாள். ‘சயாம் போய்வந்தவர் அப்படித்தான் இருப்பார்’ என்னும் தொடர் நம்மிடையே எவ்வளவு எளிதாகப் புழங்கியது! குடித்து மனைவியை அடித்தவர்க்கும் அதே விளக்கம். வாய் திறவாமல் திண்ணையில் அமர்ந்திருந்தவர்க்கும் அதே விளக்கம். அது இரக்கம்போல் ஒலித்தாலும் ஒவ்வொரு மனிதரின் தனித்தன்மையையும் அழித்துவிடுகிறது. போய்வந்து பூச்செடி வளர்த்தவரும் இருந்திருப்பர். அவரைப் பற்றிக் கதை எழுவதில்லை.

விளாடெக்கின் பேச்சுமொழிக்கு வருவோம். என் துறை அதுவாதலின் சற்று நின்றுபேச இசைவு வேண்டுகிறேன். அவர் மகனிடம் பேசும் ஆங்கிலம் இத்திஷ், போலந்து மொழிகளின் தொடரமைப்பை உள்ளே வைத்திருக்கும் ஆங்கிலம். செயப்படுபொருள் முன்னே வரும். வினை தள்ளி நிற்கும். முன்னிடைச்சொற்கள் இடம் மாறும். நூலாசிரியர் அதைத் திருத்தவில்லை. ஆனால் கதை போலந்துக்குள் நுழைந்ததும், அங்கே இளைஞன் விளாடெக் வாயிலிருந்து வருவது பிழையற்ற, சரளமான ஆங்கிலம். ஏனெனில் அங்கே அவர் உண்மையில் பேசியது தம் சொந்த மொழி. கட்டத்தின் மேலே முதியவரின் உடைந்த மொழி. கட்டத்தினுள் இளைஞரின் முழுமொழி. இம்மனிதர் தம் நாட்டையும் குடும்பத்தையும் மட்டுமன்றி, முழுமையாகப் பேசக்கூடிய மொழியையும் இழந்தார் என்பதை, ஒரு விளக்கவுரையும் இன்றி ஒரே பக்கம் காட்டிவிடுகிறது.

நம் முதியோர் தம் மொழியை இழக்கவில்லை. தோட்டத் தமிழிலேயே சொன்னார்கள். இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. அவர்களின் வாய்மொழியை எழுதியோர் பலர், ‘அச்சுக்கு ஏற்ற தமிழாக’ அதைத் திருத்தினர். ‘பெரட்டு’ என்றது ‘பணியாளர் அணிவகுப்பு’ ஆயிற்று; ‘கித்தாக் காடு’ ‘இரப்பர்த் தோட்டம்’ ஆயிற்று; பாதியில் நின்ற தொடர்கள் முடித்துவைக்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் தொடர் பாதியில் நிற்கும் இடமே சான்று. இலக்கியத் தமிழில் உரையாற்றும் நானே இதைச் சொல்வது சிலர்க்கு முரணாகத் தோன்றலாம். ஆய்வாளன் தன் கருத்தை எம்மொழியிலும் எழுதட்டும். சாட்சியின் மொழியில் கைவைக்கும் உரிமை அவனுக்கில்லை.

அவர்கள் சொன்ன சொற்களில் சிலவற்றை உற்றுநோக்குவோம். ‘சப்பான்காரன் காலம்’ என்பர். ஒரு பேரரசின் படை முழுதும் ஒருமையில், ஒரே ஆளாக நிற்கிறது. ‘வெள்ளைக்காரன் காலம்’ என்பதற்குப் பின் அடுத்த முதலாளி. ‘சயாமுக்குப் போனவர்’ என்பர். தமிழர் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்பதில்லை. ‘போய் வருகிறேன்’ என்பதே மரபு. ஆகவே ‘போனவர்’ என்று நின்றுவிடும் பெயர், ‘வருதல்’ அறுந்த பெயர். மீண்டவர்க்கோ ‘போய்வந்தவர்’ எனத் தனிப்பெயர். இந்த இணையில், இறந்தார் என்ற சொல்லை ஆளாமலே இறந்தவரையும் மீண்டவரையும் தோட்டமக்கள் பிரித்துவிட்டனர். ‘சாவு’ என்று சொல்ல உடலோ நாளோ செய்தியோ வேண்டுமே, அவை கிடைக்கவில்லை. அதேவேளை ‘போனவர்’ என்பது தன்வினை. தானே விரும்பிப் போனவர்போல் ஒலிக்கிறது. வற்புறுத்தல் அச்சொல்லில் மறைந்துபோகிறது. ‘பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்னும் மற்றொரு வழக்கு அதை மீட்கிறது; ஆனால் எழுவாய் இல்லை. தமிழில் எழுவாய் தோன்றாமலிருப்பது இயல்பே. இத்தொடரில் மட்டும் அந்த இயல்பு பலர்க்கு வசதியாகவும் அமைந்துவிட்டது.

ஏனெனில் எழுவாயை நிரப்பப் புகுந்தால், சப்பானியரோடு வேறு சிலரும் வந்து நிற்பர். சப்பானியப் படைவீரனுக்குத் தோட்டத்தில் எந்த இலயத்தில் எத்தனை ஆண்கள் என்பது தெரியாது. பெயர்ப்பதிவேடு தெரிந்தவர் கிராணி. ஆளைத் தெரிந்தவர் கங்காணி. பட்டியல் போட்டவர்களிற் பலர் அச்சத்தால் போட்டனர்; மறுத்திருந்தால் அடியும் உதையும் அவர்க்கே. சிலர் தம் உறவினரை விலக்கி அயலார் பெயரை எழுதினர் என்னும் குற்றச்சாட்டும் உண்டு. ‘மௌஸ்’ இத்தகைய மாந்தரை ஒளிக்கவில்லை. யூதப் பேரவையினர் பெயர்களைத் தொகுக்கின்றனர். யூதக் காவலர் தம் இனத்தவரையே இழுத்துவருகின்றனர். விளாடெக்கின் உறவினன் ஹாஸ்கெல் என்பவன் கைக்கூலி பெற்றுக்கொண்டு உதவுகிறான், மனைவியின் முதிய பெற்றோரைக் காப்பாற்றுவதற்கெனக் கொடுத்த நகைகளை வாங்கிக்கொள்கிறான், அவர்களைக் காப்பாற்றவில்லை. அவன் அரக்கனாக வரையப்படவில்லை. மற்றவர்போல் அவனும் ஓர் எலி. அந்த ஓவியத் தீர்ப்பு எவ்வளவு கடுமையானது என்பதை எண்ணிப் பாருங்கள்: பூனை முகம் தந்து அவனை வெளியேற்றியிருக்கலாம், ஆசிரியர் அதைச் செய்யவில்லை.

பட்டியலில் பெயர் எழுதியவர் பேரனும் எழுதப்பட்டவர் பேரனும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே கோயில் திருவிழாவில் காவடி எடுத்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கின்ற ஊர்கள் நம்முடையவை. மௌனத்திற்கு இதுவும் ஒரு காரணம். நாணமும் இரக்கமும் கலந்த மௌனம். அதை நான் பழிக்கவில்லை. ஆனால் நாவல்களில், கெட்டவன் சப்பானியன், நல்லவன் தமிழன் என்று மாந்தரைப் பிரித்துவிடும்போது, வாசகன் உள்ளுக்குள் அறிந்த ஒன்றை எழுத்தாளன் மறைக்கிறான். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய இரு நாவல்களுக்கும் நம் நன்றி உரியது. அவை இன்றேல் இலக்கியத்தில் இப்பாதையே இருந்திராது. அடுத்து எழுதுவோர் கிராணி மகனின் கண்ணால் ஒரு கதை எழுதட்டும் என்பது என் விருப்பம்.

நூலின் மிகப் பெரிய மாந்தர், பேசாதவர்: தாய் ஆஞ்சா. அவரும் முகாமிலிருந்து மீண்டவர். 1968இல், மகனுக்கு இருபது வயதாயிருந்தபோது, ஒரு குறிப்பும் எழுதிவைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைப் பற்றி ஆசிரியர் முன்பே வரைந்திருந்த நான்கு பக்கக் கதை நூலினுள் அப்படியே வைக்கப்பட்டுள்ளது. அங்கே மட்டும் எலிமுகம் இல்லை, மனித முகங்கள். மகன் சிறைக்கைதியின் கோடிட்ட உடையில் நிற்கிறான். ஆஞ்சா தம் அனுபவங்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்தார், மகன் படிப்பான் என்ற நம்பிக்கையோடு. அவற்றைத் தேடித்தேடிக் கேட்கும் மகனிடம், துயரம் தாளாமல் எரித்துவிட்டதாகத் தந்தை ஒப்புக்கொள்கிறார். மகன் அவரைக் கொலைகாரன் என்கிறான். முதற்பாகம் அவ்வளவில் முடிகிறது. கொல்லப்பட்டது ஒரு குரல். தாயின் கதை தந்தையின் வாய்வழியே மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. அதில் எவ்வளவு தாய், எவ்வளவு தந்தை என்பதை எவரும் பிரிக்க இயலாது.

நம் பெண்களிடம் எரிப்பதற்குக்கூடக் குறிப்பேடு இல்லை. போனவரின் மனைவி தோட்டத்தில் தனியே நின்றாள். கணவன் இறந்த செய்தி வராதவரை அவள் கைம்பெண் அல்லள். வராமலே ஆண்டுகள் கழிந்தபின் சுமங்கலியும் அல்லள். தாலியை என்ன செய்வது, பொட்டு வைக்கலாமா, மறுமணம் செய்தால் அது மறுமணமா வேறா என்னும் வினாக்களுக்கு ஊர்ப் பெரியோர் ஆளுக்கொரு விடை சொன்னர். திதி தெரியாதவர்க்கு மகாளய அமாவாசை என்று மரபு இடம் தருகிறது. ஆனால் அன்று எள்ளும் நீரும் இறைப்பதே ‘அவர் வரமாட்டார்’ என்று ஒப்புக்கொள்வதாகும் என்று அஞ்சிப் பல்லாண்டு தள்ளிப்போட்ட வீடுகள் உண்டு. சயாமின் கதையை ‘போய்வந்த’ ஆண்களிடம் மட்டுமே கேட்டுப் பதிவது ஆஞ்சாவின் குறிப்பேட்டை மீண்டும் எரிப்பதற்கு ஒப்பு. பாதையில் பாறை உடைத்தவர் கதை ஒரு பாதி. இலயத்தில் காத்திருந்தவள் கதை மறுபாதி. அது ஓராண்டில் முடியவும் இல்லை.

ரிஷ்யூ என்னும் சிறுவனையும் சொல்ல வேண்டும். ஆர்ட் பிறக்கும் முன்னரே இருந்த தமையன். காப்பாற்றும் பொருட்டு உறவினளிடம் ஒப்படைக்கப்பட்டான். நாட்சிகள் பிடிக்க வந்தபோது அவள் தன் பிள்ளைகளோடு அவனுக்கும் நஞ்சூட்டித் தானும் மாண்டாள். பெற்றோர் படுக்கையறைச் சுவரில் அவன் நிழற்படம். படத்திலுள்ள பிள்ளை அடம்பிடிப்பதில்லை. அவனோடு போட்டியிட்டு வெல்ல இயலாது என்கிறான் தம்பி. நூலின் இறுதியில், களைத்துப் படுக்கும் தந்தை ஆர்ட்டை ரிஷ்யூ என்றே விளிக்கிறார். கீழே பெற்றோரின் கல்லறை. அதில் இருவர் பெயரும் ஆண்டுகளும். நம் தோட்டங்களிலோ போனவர்க்குப் பெரும்பாலும் நிழற்படமே இல்லை. படக்கருவி துரை பங்களாவிலிருந்த பொருள். ஆயின் பெயர் இருந்தது. போனவர் பெயரைப் பேரனுக்கு இட்டனர். அப்பெயரைச் சுமந்தவன் யாருக்கு ஈடாக அழைக்கப்படுகிறோம் என்பதை அறியாமலே ‘ஏன்’ என்று குரல் கொடுத்து வளர்ந்தான்.

படம் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. இரயில்பாதை முகாமில் கைதியாயிருந்த ரொனால்ட் சேர்ல், ஜாக் சாக்கர் முதலியோர் உயிரைப் பணயம் வைத்து ஓவியம் தீட்டி ஒளித்துவைத்தனர். சேர்ல் பிற்காலத்தில் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் ஆனார். போர்க்கைதிகளின் துயரை உலகம் கண்டது அவ்வோவியங்களாலும் நினைவுக்குறிப்புகளாலும். 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் பற்றிய திரைப்படத்தாலும்கூட, அது வரலாற்றுக்கு எவ்வளவு தொலைவு நின்றபோதிலும். அத்திரைப்படத்தின் மையத்தில் தமிழர்க்கு இடமில்லை. நம்மிடமோ வரைந்தவர் எவருமில்லை. நம்மைப் பற்றி நாமே போற்றிய நினைவு வேறு: 1943இல் நேதாசி வந்தார், இந்திய தேசியப் படை திரண்டது. அதில் சீருடையும் பாட்டும் பெருமிதமும் இருந்தன. சுவரில் மாட்டப் படமும் இருந்தது. சயாமுக்குப் பிடிபடாமலிருக்கவே படையில் சேர்ந்தோரும் உண்டு. ஒரே ஆண்டில், ஒரே தோட்டத்தில், ஒரு தம்பி படைக்கும் ஓர் அண்ணன் பாதைக்கும் போயிருக்கக்கூடும். போருக்குப் பின் வீடு தம்பியைப் பேசியது. வீரத்தைச் சொல்வதற்குத் தமிழில் துறைகள் பல வகுத்திருக்கிறோம். கூலியாய் இழுத்துச் செல்லப்பட்டு வாந்திபேதியில் மடிந்தவனைப் பாட ஒரு துறையும் வகுக்கவில்லை.

1945இல் நேச நாட்டுக் கல்லறைத் தேடல் குழுவினர் பாதை நெடுகிலும் சென்று தம் வீரர் புதைகுழிகளைக் கண்டெடுத்தனர். காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் இன்று 6,900க்கு மேற்பட்ட கற்கள் வரிசையாய் நிற்கின்றன. புற்கள் சீராக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்க்கு அத்தகைய தனிக்கல் ஒன்றும் இல்லை. 1990இல் அந்நகரில் ஒரு கரும்புக்கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் குவியலாய் வெளிப்பட்டன. விந்தை யாதெனில், இறந்தோர்க்கென முதலில் நினைவுத்தூண் எழுப்பியவர் சப்பானியரே. 1944இல் பாலத்தருகே அவர்கள் நாட்டிய அத்தூணைச் சூழ்ந்த கற்பலகைகளில் பல மொழிகளில் அஞ்சலி வாசகம் உண்டு. அவற்றுள் ஒன்று தமிழ். நம்மவர்க்காகச் சயாம் மண்ணில் முதலில் தமிழ் பொறித்தவர் அவர்களை இழுத்துச் சென்றவரே என்பதை எப்படிப் படிப்பதென்று இன்றளவும் எனக்குக் குழப்பமே. தமிழர் தாமே அங்கு ஒரு நடுகல் நாட்ட 2023 வரை ஆயிற்று.

நடுகல்லில் பெயரும் சிறப்பும் பொறிப்பதே பழந்தமிழ் வழக்கம். பெயர் வேண்டுமாயின் தேட வேண்டும். 1943இல் பதினைந்து வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூற்றைந்தைக் கடந்தவர்கள். பார்த்தவர் ஓரிருவரே எஞ்சியிருப்பர். ஆனால் அவர்களின் மக்கள் இருக்கிறார்கள், எழுபதிலும் எண்பதிலும். அவர்களிடம் ‘சயாமில் என்ன நடந்தது’ என்று கேட்க வேண்டா; அவர்கள் அங்கு இல்லை. வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். யார் போனார், எந்தத் தோட்டத்திலிருந்து, பெயரை எழுதியவர் யார், பின்னால் நின்ற பெண் எதை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள், அப்பெயர் பின்னர் யாருக்கு இடப்பட்டது. தங்கா பத்து, மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பிரிந்து குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. எனினும் திருமண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் ஒன்றுகூடுகின்றனர். ஒலிப்பதிவுக்கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. அவர்கள் ‘பெரட்டு’ என்றால் ‘பெரட்டு’ என்றே எழுதுங்கள்.